காட்சிக்கலைக் கல்வியும் விமர்சனச் சிந்தனையும்: வில்லியனூர், பாகூர் பள்ளிகள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

நிலைப்பாடு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலுள்ள அரசுப் பள்ளிகளில் 6 முதல் 10 வரையுள்ள எல்லா வகுப்புகளுக்கும் காட்சிக்கலைக்கென வாரம் இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்பட வேண்டும் என்பதும், அவை வரையக் கற்பிப்பதோடு நின்றுவிடாமல், கூர்ந்து பார்க்கவும் பார்த்ததைச் சான்றுடன் பேசவும் மாணவரைப் பழக்க வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

காரணங்கள்

ஓவியம், சிற்பம், சுடுமண் உருவம், கட்டடம் எனக் கண்ணால் கண்டு உணரப்படுபவை காட்சிக்கலைகள். ஒரு கூற்றை அப்படியே ஏற்காமல், அதற்குரிய சான்றைத் தேடி, மாற்று விளக்கங்களையும் எடைபோட்டு முடிவுக்கு வருவது விமர்சனச் சிந்தனை. சிற்பத்துக்கு விடைக்குறிப்பு இல்லை என்பதால், வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவரும் தம் கண்ணை நம்பிக் கருத்துச் சொல்ல முடிகிறது. எதைக் கண்டு அப்படிச் சொன்னார் என்று ஆசிரியர் கேட்கும்போது அக்கருத்துக்குக் காரணம் காட்டவும் அவர் கற்கிறார்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 2011இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலை அருங்காட்சியகத்துக்குக் குலுக்கல் முறையில் மாணவரை அழைத்துச் சென்று, ஏறத்தாழ 11,000 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அரைநாள் சென்று வந்தவர்கள், பின்னர் அதுவரை கண்டிராத ஓர் ஓவியத்தைப் பற்றி எழுதியபோது, செல்லாதவர்களைவிடத் தெளிவாக ஆராய்ந்தனர். கிராமப்புற மாணவரிடம் இப்பயன் மேலும் பெரிதாக இருந்தது.

இக்கொம்யூன்களில் கற்பதற்குரிய பொருள்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. வில்லியனூர்ச் சுடுமண் கலை புவிசார் குறியீடு பெற்றது, அக்கலைஞர் வி. கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சுடுமண் குதிரையின் உட்பகுதி ஏன் கூடாக விடப்படுகிறது என்ற வினாவுக்கு, தடித்த களிமண்ணில் தங்கிய ஈரம் சூளையில் ஆவியாகி உருவத்தை வெடிக்கச் செய்யும் என்ற விடையைத் தேடிச் செல்லும் மாணவர் அறிவியலையும் கலையையும் ஒருங்கே கற்கிறார். பாகூர் மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்கள் வரலாற்றுப் பாடத்துக்கு அத்தகைய வாய்ப்பைத் தருகின்றன.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009), 100 பேருக்கு மேல் பயிலும் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பகுதிநேரக் கலைப் பயிற்றுநரைக் கோருகிறது. 9, 10ஆம் வகுப்புகள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் ஏற்றுள்ள சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் கலை இணைந்த செயல்திட்டம் கட்டாயம் என்றாலும், பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாதவிடத்து அது அட்டைக்கு வண்ணம் தீட்டும் வேலையாகச் சுருங்கிவிடும். பொதுத்தேர்வு நேரம் குறையும் என்ற பெற்றோரின் கவலை நியாயமானதே. எனினும் 10ஆம் வகுப்புத் தேர்வில் ஏறத்தாழப் பாதி, மனப்பாடத்தைவிடப் பயன்படுத்தும் திறனைச் சோதிப்பதால், காரணம் காட்டிப் பழகிய மாணவருக்கு இப்பாடவேளைகள் இழப்பாகா.

கோரிக்கைகள்

1. 9, 10ஆம் வகுப்புகளுக்கும் கலையாசிரியர் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும்.
2. உள்ளூர்ச் சுடுமண் கலைஞர்கள் மதிப்பூதியத்துடன் வருகைப் பயிற்றுநர்களாக அழைக்கப்பட வேண்டும்.
3. ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கோயிலிலோ புதுச்சேரி அருங்காட்சியகத்திலோ வகுப்பு பெற வேண்டும்.
4. மதிப்பீடு, ஓவியத்தின் அழகை மட்டுமன்றி, மாணவர் காட்டும் காரணத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்னும் உயர்கல்வி நிலையத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதை, 9ஆம் நூற்றாண்டின் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடு பதிவு செய்கிறது. ஊர்களையே கல்விக்கு ஈந்த மண்ணில் வாரம் இரண்டு பாடவேளை கேட்பது மிகையாகாது என்று இவ்வமைப்பு உறுதியாகக் கருதுகிறது.