ஏக்கருக்கு நாலு ரூபாய்

கோல்ஃப் பயிற்சித் திடல்களில் ஒரு கூடைப் பந்துக்கான கட்டணம் ஏறிவிட்டதாம். விளையாட்டு எளியவர்களுக்கு எட்டாமல் போகிறதாம். என்றைக்கு எட்டியது?

கிண்டியைப் பாருங்கள். 1945இல் 160 ஏக்கர் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகையில் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குப் போனது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். ஏக்கருக்கு நாலு ரூபாய்கூட இல்லை! குதிரை ஓடிய வட்டத்துக்குள்ளேதான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது. உயர் நீதிமன்றம் 2023இல் கட்டச் சொன்ன பாக்கி 730 கோடிக்கு மேல். அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது 2024 செப்டம்பரில்.

அதுவரை அந்தப் பந்தின் விலையில் ஒரு பங்கைக் கட்டியது யார்? எங்கள் பள்ளிகொண்டாவில் விடிகாலையில் ஷூ கம்பெனி வேன் ஏறும் பெண்களும்தான். சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறவர்கள். அவர்கள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆட ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு டர்ஃப் பிடிக்க வேண்டும். பொது மைதானத்தில் காலனிப் பையன் மட்டை எடுத்தாலே தகராறு வரும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நாம் ஏன் கேட்க வேண்டும்? அரசு நிலத்தில் இருக்கும் ஒவ்வொரு கிளப்பும் கட்டும் குத்தகையையும் உறுப்பினர் சேர்க்கை விதியையும் வெளியிடச் சொல்வோம். சந்தை வாடகையை வசூலித்து, அந்தப் பணத்தில் காலனிகளுக்கு மைதானம் கேட்போம்.