முதுகுக்குத் துணை நிற்கும் தசைகள்

தரையில் அமர்ந்து எழும்போது கை எதையேனும் பற்றத் தேடுகிறதா? பழியை நாம் முதுகின்மீதும் முழங்காலின்மீதும் சுமத்திவிடுகிறோம். அவற்றுக்குத் துணை நிற்க வேண்டிய பிட்டத் தசைகள் தளர்ந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

உடலிலேயே மிகப் பெரிய தசை பிட்டத்தில்தான் உள்ளது. எழுவதற்கும் படியேறுவதற்கும் உந்துவிசை தருவது அதுவே. பக்கவாட்டிலுள்ள மற்றொரு தசை, நடக்கையில் ஒற்றைக் காலில் உடல் நிற்கும் கணத்தில் இடுப்பு சாயாமல் காக்கிறது. நெடுநேரம் அமர்ந்தே இருப்போருக்கு இவை வலுவிழக்கின்றன. சுமை கீழ்முதுகில் ஏறுகிறது. வங்கி நாற்காலியில் பல்லாண்டுகள் கழித்த என் போன்றோர் இதை நன்கறிவோம்.

பயிற்சி எளியது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். பிட்டத்தை இறுக்கி இடுப்பை மெல்ல உயர்த்துங்கள். தோள் முதல் முழங்கால் வரை நேர்கோடாக, 5 விநாடிகள் நிறுத்தி இறக்குங்கள். மூச்சை அடக்க வேண்டா. 5 முறையில் தொடங்கி 10 வரை கூட்டலாம். படுக்க இயலாதோர், சுவரோரம் வைத்த உறுதியான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்ந்து பழகலாம்.

இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் எலும்பு வலுவிழந்தோரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குக. வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் அடக்க இயலாமற்போனாலோ உடனே மருத்துவரை அணுகுக.

ஒரு நாளில் பலன் தெரியாது. மாதந்தோறும் செலுத்தும் சிறுதொகை முதிர்வதுபோல், சில வாரங்கள் விடாது செய்வோர்க்கே அது கைவரும். பிறர் துணையின்றி எழுந்து நடப்பதினும் பெரிய வட்டி முதுமைக்கு வேறில்லை.