கேட்டால்தான் அவுட்

2023 ஜூன் 14. கோயம்புத்தூரில் டி.என்.பி.எல். ஆட்டம். திண்டுக்கல் டிராகன்ஸும் திருச்சி அணியும் மோதிக்கொண்டிருந்தன. திண்டுக்கல் கேப்டன் அஸ்வின் வீசிய பந்தில், திருச்சியின் ராஜ்குமார் கீப்பரிடம் கேட்ச் ஆனதாக அம்பயர் விரலைத் தூக்கினார். ராஜ்குமார் உடனே ரிவ்யூ கேட்டார். ரீப்ளே பார்த்த மூன்றாவது அம்பயர், பேட் தரையில் தட்டிய சத்தம்தான் அது என்று முடிவு செய்து நாட் அவுட் கொடுத்தார். கதை அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அஸ்வின் மட்டும் நினைக்கவில்லை. அந்த நாட் அவுட்டை எதிர்த்து அவரும் ஒரு ரிவ்யூ கேட்டார்!

ஒரே பந்துக்கு இரண்டு ரிவ்யூ. அதே மூன்றாவது அம்பயர், மறுபடி அதே திரை. மறுபடியும் நாட் அவுட்.

டி.வி. முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால், இதில் நல்ல ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அம்பயர் கொடுத்த முடிவை ஓர் அணி எதிர்க்கலாம், சரி. எதிர்த்ததால் முடிவு மாறிவிட்டது. அப்படி மாறியது பழைய முடிவின் திருத்தமா, இல்லை புத்தம் புது முடிவா? புது முடிவு என்றால் அடுத்த அணிக்கும் எதிர்க்கும் உரிமை உண்டுதானே? டி.என்.பி.எல்-லுக்கு டி.ஆர்.எஸ். வந்ததே அந்த ஆண்டில்தான். களத்தில் நின்ற அம்பயர்கள் அஸ்வினின் கோரிக்கையைத் தள்ளவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். விதியை எழுதுகிறவர் எத்தனை வரி எழுதினாலும், எழுதாமல் விட்ட வரியில்தான் ஆட்டக்காரர் வந்து நிற்பார்.

இத்தனை கேமரா வைத்துக்கொண்டே இந்தப் பாடு. வேடசந்தூர் பக்கமும் வத்தலக்குண்டு பக்கமும் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற டென்னிஸ் பால் மேட்ச்சில் அம்பயருக்கு என்ன இருக்கிறது? இரண்டு கண், இரண்டு காது, ஓவர் எண்ண பாக்கெட்டில் ஆறு கல்.

அந்த அம்பயரும் யாரோ வெளியாள் இல்லை. பேட்டிங் அணியில் அடுத்து இறங்க வேண்டியவர், அல்லது அப்போதுதான் அவுட்டாகி வந்து கடுப்பில் இருப்பவர். சொந்த டீம்காரனுக்கு விரலைத் தூக்கினால், 'டேய் மாப்ள, நீ எந்த டீம்டா?' என்பார்கள். தூக்காவிட்டால் எதிர் டீமின் கீப்பர் விடமாட்டார். 'அண்ணே, மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்கண்ணே' என்று ஆரம்பிப்பார். முடிவு பிடிக்காமல் ஓர் அணி பேட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் மேட்ச் அத்தோடு சரி. அடுத்த வாரம் அதே ஆட்களோடுதான் டீக்கடையில் உட்கார வேண்டும் என்பதும் அம்பயர் தலையில் ஓடும்.

அவரைக் காப்பாற்ற கிரிக்கெட் விதிகளில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. மொத்தம் 42 விதிகள். அதில் 31-வது அப்பீல் பற்றியது. ஃபீல்டிங் அணி கேட்காதவரை அம்பயர் அவுட் கொடுக்கக் கூடாது. பேட்டில் பட்டு கீப்பர் கைக்குப் போனது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லையா? வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கேட்பதற்கும் காலக்கெடு உண்டு. பவுலர் அடுத்த பந்துக்கான ஓட்டத்தைத் தொடங்கிவிட்டால் முந்தின பந்தைப் பற்றிப் பேச முடியாது. 'ஹவ் ஈஸ் தட்' என்று ஒருமுறை கேட்டால் போதும். கேட்ச், ரன் அவுட், எல்.பி. என எல்லா வகைக்கும் அந்த ஒரே கேள்வி செல்லும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அவுட் இல்லாத பேட்ஸ்மேன், அவுட் என்று தானே தப்பாக நினைத்து நடையைக் கட்டினால், அம்பயர் அவரைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டும்.

ஆக, அம்பயர் துப்பறிய வந்தவர் அல்ல. கேட்ட கேள்விக்குப் பார்த்ததை வைத்துப் பதில் சொல்பவர். பார்க்கவில்லை என்றால் நாட் அவுட்.

கோட்டுச் சண்டையையும் பார்த்துவிடலாம். ரன் அவுட்டில் 'பேட் கோட்டு மேல இருந்துச்சு' என்று கத்தாத ஊர் உண்டா? கிரீஸ் என்பது வரைந்த கோட்டின் ஸ்டம்ப் பக்கத்து விளிம்பு. பேட்டோ காலோ அதற்குள்ளே தரையைத் தொட வேண்டும். கோட்டின் மேல் இருந்தால் அவுட்தான். பவுலரின் முன்காலுக்கும் அதே விளிம்புதான் கணக்கு. சுண்ணாம்புப் பொடியில் அரையடி அகலத்துக்குக் கோடு போட்டுவிட்டு விளிம்பைத் தேடுகிறபோதுதான் வம்பு.

கிரிக்கெட்டின் ஒன்றுவிட்ட சகோதரனான பேஸ்பாலிலும் இதே தகராறு உண்டு. ஓடுகிறவரும் பந்தும் ஒரே நேரத்தில் பேஸுக்கு வந்தால் ஓடுகிறவருக்கே சாதகம் என்று அமெரிக்கப் பிள்ளைகள் சொல்லிக்கொள்வார்கள். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது. அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுபவர், அவர் தொடுவதற்கு முன்பே பந்து வந்துவிட்டால் அவுட் என்கிறது ஓரிடம். ஏற்கெனவே பேஸில் இருந்து அடுத்ததற்கு ஓடியாக வேண்டியவர், பந்து வருவதற்கு முன்பு போய்ச் சேராவிட்டால் அவுட் என்கிறது இன்னோரிடம். நிதானமாகப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நொடியில் நடந்தால் முன்னவர் தப்பிக்கிறார், பின்னவர் மாட்டுகிறார். 'முன்பு' என்ற ஒரு சொல் நிற்கிற இடம்தான் வித்தியாசம். அங்குள்ள அம்பயர்கள் சொல்வது, ஒரே நொடி என்று ஒன்று கிடையாது, ஏதாவது ஒன்று முந்தியிருக்கும் என்று. கெட்டிக்காரத்தனமான பதில்!

டென்னிஸ் பால் மேட்ச்சில் 'எல்.பி. கிடையாது' என்று டாஸுக்கு முன்பே பேசிவிடுகிறார்களே, அதுவும் கெட்டிக்காரத்தனம்தான். எல்.பி. கொடுக்க ஐந்து கேள்விகளைத் தாண்ட வேண்டும். நோ பால் இல்லையே? லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே குத்தவில்லையே? முதலில் பேட்டில் படவில்லையே? காலில் பட்ட இடம் ஸ்டம்ப்புக்கு நேரா, அல்லது ஷாட் ஆட முயலாமல் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே வாங்கினாரா? போயிருந்தால் ஸ்டம்ப்பில் பட்டிருக்குமா? கண்ணிமைக்கும் நேரத்தில் ஐந்துக்கும் பதில் வேண்டும். பேட்டிங் டீம் ஆளே அம்பயராக நிற்கும் இடத்தில் இந்த விதியை வைத்தால் மேட்ச் முடியுமா?

பெரிய இடத்திலும் இது லேசாக இல்லை. 2025 ஜூன் 8, மறுபடியும் கோயம்புத்தூர், மறுபடியும் அஸ்வின். திருப்பூர் தமிழன்ஸ் அணியின் சாய் கிஷோர் பந்தில் அவருக்கு எல்.பி. கொடுக்கப்பட்டது. ரீப்ளேயில் பந்து லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே குத்தியதுபோலத் தெரிந்தது. ஐந்தில் இரண்டாவது கேள்வி! ஆனால், கேட்க ரிவ்யூ மிச்சமில்லை. கோபத்தில் பேட்டால் பேடைத் தட்டிக்கொண்டு வெளியேறியவருக்கு ஆட்டச் சம்பளத்தில் 30 சதவிகிதம் அபராதம். அம்பயர் தவறியிருந்தாலும் அபராதம் ஆட்டக்காரருக்குத்தான். அநியாயமாகத் தோன்றலாம். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் யாரும் அந்த வெயிலில் கோட்டு, தொப்பியோடு நிற்க வரமாட்டார்கள் என்பதும் உண்மை.

திண்டுக்கல் மாவட்டமே இதைப் பார்த்திருக்கிறது. நத்தத்தில் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2019 டிசம்பரில் தமிழ்நாடு - கர்நாடகா ரஞ்சி ஆட்டம். அம்பயரின் முடிவில் அதிருப்தி காட்டியதற்காக முரளி விஜய்க்கு அபராதம் விழுந்தது. அந்த ஆட்டத்தில் தமிழ்நாடு 26 ரன்னில் தோற்றது. அப்படி நெருங்கிய ஆட்டத்தில் ஒவ்வொரு முடிவும் என்ன கனம் கனக்கும்!

அம்பயர் தவறினால் என்ன செய்வது? உடனடியாகத் திருத்திக்கொள்ளலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. நேரம் கடந்துவிட்டால்? 2010 ஜூன் 2, அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். பவுலர் அர்மாண்டோ கலராகா எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் 26 பேரை அவுட்டாக்கியிருந்தார். 27-வது ஆளும் அவுட் ஆனால் சரித்திரம். ஆனார். ஆனால், அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்று கையை விரித்துவிட்டார். ஆட்டம் முடிந்து ரீப்ளே பார்த்தவர், தப்பு என்னுடையது என்று கண்ணீரோடு சொன்னார். மறுநாளும் அவர்தான் அம்பயர். அணியின் ஆட்டக்காரர் பட்டியலை அவர் கையில் கொடுக்க வந்தவர், அதே கலராகா.

இந்த வேலைக்கு விரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடிய வெங்கட்ராகவன், பிறகு 73 டெஸ்ட்களில் அம்பயராக நின்றார். தமிழ்நாட்டின் ஜனனி நாராயணன் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தார். 2023 ஜனவரியில் ரஞ்சி ஆட்டங்களில் முதன்முறையாக நின்ற மூன்று பெண் அம்பயர்களில் அவரும் ஒருவர்.

வழி எளிதல்ல. மாநிலச் சங்கத்தின் தேர்வு, அப்புறம் பி.சி.சி.ஐ. தேர்வு. 2022-ல் பெண்கள், ஜூனியர் ஆட்டங்களுக்கான அம்பயர்களைத் தேர்ந்தெடுக்க அகமதாபாத்தில் பி.சி.சி.ஐ. நடத்திய தேர்வில் 140 பேர் உட்கார்ந்தார்கள். தேறியவர்கள் 3 பேர். 200 மதிப்பெண்ணில் எழுத்துக்கு 100 போக, நேர்முகம், வீடியோ, உடற்தகுதி என்று மீதி. வரிக்கு வரி விதியை ஒப்பிப்பவர்களும் அதில் சறுக்கினார்கள். கேள்விகள் அப்படி.

அதில் ஒன்று: மைதானக் கட்டடத்தின் நிழலோ, மரத்தின் நிழலோ, ஃபீல்டரின் நிழலோ பிட்ச்சில் விழுகிறது, பேட்ஸ்மேன் புகார் செய்கிறார். என்ன செய்வீர்கள்?

கட்டடத்தையும் மரத்தையும் கண்டுகொள்ள வேண்டாம். ஃபீல்டரை மட்டும் அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். சொல்லியும் அசைந்தால் டெட் பால். வேடசந்தூர் பக்கத்து வேப்பமரத்து நிழலுக்கும் இதே பதில்தான்.