கத்தி ஏந்திய தூதர்

1762இல் லண்டனில் பிரான்சிஸ் பார்சன்ஸ் தீட்டிய எண்ணெய் ஓவியம் ஒன்றை அண்மையில் ஒரு கலை இதழ் அட்டையில் போட்டிருக்கிறது. படத்தில் இருப்பவர் வட அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி மக்களின் தலைவர் கன்னே ஷோட். உள்ளே நீண்ட கட்டுரை: இது காலனியப் பார்வை செய்த பண்டமாம், படத்தில் இருப்பவருக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாதாம், கையிலுள்ள கத்தியே காட்டுமிராண்டி முத்திரைக்குச் சாட்சியாம். ஓவியரின் பெயரைச் சொல்லும் கட்டுரைக்கு இவர் வெறும் ‘ஒரு செவ்விந்தியர்’. படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தக் கத்தியையே எடுத்துக்கொள்வோம். அதே காலத்து ஆங்கிலத் தளபதிகளின் படங்களில் இடுப்பில் வாள் தொங்குகிறது. அதை யாரும் மூர்க்கம் என்பதில்லை. 1761இல் பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் கிராண்டின் படை 15 செரோக்கி ஊர்களை எரித்தது. வயலில் நின்ற சோளத்தையும் அழித்தது. சமாதானமாகி ஓராண்டுகூட ஆகாத நிலையில், சக செரோக்கியரான ஓஸ்டெனாகோவோடும் வோயியோடும் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜைச் சந்திக்கக் கடல் கடந்தவர் கன்னே ஷோட். மொழிபெயர்ப்பாளர் வில்லியம் ஷோரி கப்பலிலேயே இறந்துபோனார். கூட வந்த ராணுவ அதிகாரி டிம்பர்லேக்கின் அரைகுறைச் செரோக்கிதான் மிச்சம். பேச்சு எடுபடாத ஊரில் ஒரு தூதர் தன் உடம்பாலும் உடையாலும்தான் பேச முடியும். மழித்த தலை அவருடைய மண்ணைச் சொல்கிறது. கழுத்துப் பதக்கங்கள் உடன்படிக்கையைச் சொல்கின்றன. கத்தியோ, சமாதானத்துக்கு வந்தவன் சரணடைய வரவில்லை என்கிறது. கொடுத்தது ஓவியரே என்று வைத்துக்கொண்டாலும், பிடித்திருப்பது இவர் கை.

லண்டன் ராயல் அகாடமியில் ஓவியர் ஜாஷுவா ரெனால்ட்ஸ் ஆற்றிய உரைகளை இரவல் வாங்கிப் படித்த காலம் நினைவுக்கு வருகிறது. 1762இல் அவரும் ஓஸ்டெனாகோவைத் தீட்டினார். 1776இல், ஏழாம் உரையில், தலைக்குப் பவுடர் பூசிய ஐரோப்பியனையும் காவி பூசிய செரோக்கியையும் எதிரெதிரே நிறுத்துகிறார். மற்றவனின் அலங்காரத்தைப் பார்த்து முதலில் சிரிப்பவன் எவனோ அவனே காட்டுமிராண்டி என்று தீர்ப்பளிக்கிறார். அதே ஆண்டில்தான் குடியேறிகளின் படைகள் செரோக்கி ஊர்களை மறுபடி எரித்தன. இரண்டையும் ஒருசேரப் பார்க்கத் திராணியில்லாத விமர்சனம் எதற்கு?

அமைப்பியலும் பின்காலனியமும் தமிழுக்கு வந்தபோது ஆவலோடு வரவேற்றவர்கள் நாங்கள். ஒரு படத்தில் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க அவை கற்றுக்கொடுத்தன. இன்று படத்தையே பார்க்காமல் எழுதுவதற்கு அவை உதவுகின்றன. முடிவு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. கவிதையோ சிற்பமோ ஓவியமோ, எது கிடைத்தாலும் அதன்மேல் ஒட்டப்படுகிறது. ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நிற்பதாகச் சொல்லும் எழுத்து, அவர் எதையும் தானாகச் செய்திருக்கவே முடியாது என்று அடித்துச் சொல்வது பெரிய அநீதி.

பார்சன்ஸின் அந்த ஓவியம் இன்று ஒக்லஹோமாவில், டல்ஸா நகரின் கில்கிரீஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. 1838-39இல் செரோக்கி மக்கள் துரத்தப்பட்டு வந்துசேர்ந்த நிலப்பகுதி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. சந்ததியினர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அழிந்துபோன இனத்தைப் பற்றி எழுதுவதுபோல அவர்களைப் பற்றி எழுதாதீர்கள்.