கற்றல் நின்றால் பாறு வீழும்

கால்நடை மருத்துவர் ஒருவர் பட்டம் பெறும் நாளில் அவர் கையிலிருப்பது அந்நாள்வரை உலகம் கண்ட அறிவு. மறுநாள் உலகம் காணும் புதிய அறிவு தானாக அவர் இல்லம் தேடி வாராது. அவர் தேடிச் செல்லல் வேண்டும். அல்லது அவரிடம் அதனைக் கொண்டு சேர்ப்பார் வேண்டும். இரண்டும் இல்லையெனில் என்ன கேடு விளையும்? பாறு என்னும் பறவைக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்ப்பார்க்கு விடை விளங்கும்.

பாறு, புறநானூற்றுக் காலந்தொட்டே தமிழில் வழங்கும் பெயர். பிணந்தின்னிக் கழுகு என்று இன்று இழித்துரைக்கப்படும் இப்பறவையே ஊரைத் தூய்மை செய்துவந்த பறவை. இறந்த மாட்டை ஊர்ப்புறத்தே இழுத்துப் போட்டால், பாறுக்கூட்டம் இறங்கி எலும்பை மட்டும் எஞ்சவிட்டுப் பறக்கும். 1990-களில் டைக்குளோபினாக்கு என்னும் நோவடக்கி மருந்து மலிவாகப் பரவியது. மாட்டின் வீக்கம் வடிந்தது; காய்ச்சல் தணிந்தது. ஊசியிட்டவரும் மகிழ்ந்தார்; மாடு வளர்த்தவரும் மகிழ்ந்தார். ஆனால், ஊசியிட்ட சின்னாளில் இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் பழுதுற்று மடிந்தன. 1992-இல் இந்தியாவில் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007-இல் ஒன்றே எஞ்சியது எனும் அளவிற்கு அவ்வினம் அழிந்தது.

இவ்வழிவின் கரணியத்தைப் பாக்கித்தானில் நடந்த ஆய்வு 2004-இல் வெளிப்படுத்தியது. நூறு பிணங்களுள் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம்மருந்து எஞ்சியிருந்தாலே அத்தகைய பேரழிவு நேரும் என்பதும் அதே ஆண்டில் கணித்துக் காட்டப்பட்டது. ஒரு பிணத்தைப் பல பாறுகள் கூடித் தின்னும் ஆதலின், ஊசியிடுவோருள் மிகச் சிலர் அறியாதிருந்தாலும் கேடு விளையும். பெரும்பாலோர் கற்றவர் என்னும் ஆறுதல் இங்கே பயன்படாது.

இழப்பு பறவையோடு நின்றதா? இல்லை. அழுகும் பிணங்கள் நீரைக் கெடுத்தன, தெருநாய்கள் பெருகின, வெறிநோய் அச்சம் வளர்ந்தது. பாறுகள் அருகியமையால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து இலக்கம் மாந்தர் கூடுதலாக இறந்தனர் என்று 2024-இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. மாட்டிற்கிட்ட ஊசி மாந்தன் உயிரையும் தொட்டது.

சட்டம் காக்கும் என்பார் உளர். சட்டம் எப்பொழுது வந்தது என்பதைக் காண்க. டைக்குளோபினாக்கைக் கால்நடைக்கென உருவாக்குவதற்கு 2006-இல் நடுவணரசு தடை விதித்தது. பாறுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்தும் அவ்வாண்டே அறியப்பட்டது. எனினும் மாந்தர்க்கென விற்ற 30 மி.லி. பெருங்குப்பிகள் தொழுவங்களுக்குச் சென்றுகொண்டே இருந்தன. குப்பியின் அளவு 3 மி.லி.யாகக் குறுக்கப்பட்டது 2015-இல்தான். கீட்டோபுரோபன் பாறுகளைக் கொல்லும் என்று 2010-இல் ஆய்வு கூறியது. அசிக்குளோபினாக்கு மாட்டின் உடலுள் டைக்குளோபினாக்காகவே மாறுகிறது என்று 2016-இல் மற்றோர் ஆய்வு கூறியது. கால்நடைகளுக்கு இவ்விரண்டும் தடை செய்யப்பட்டதோ 2023-இல்! முன்னதற்குப் பதின்மூன்று ஆண்டு, பின்னதற்கு ஏழாண்டு. உண்மை தெரிந்த நாளுக்கும் சட்டம் வந்த நாளுக்கும் இடைப்பட்ட இக்காலத்தில் பாறுக்கு இருந்த ஒரே காவல், தொடர்ந்து கற்ற மருத்துவரின் அறிவேயன்றிப் பிறிதொன்றில்லை.

மருந்தில் மட்டுமன்று, நோயிலும் இதுவே நிலை. தோல் கழலை நோய் இந்தியாவில் முதன்முதலாக ஒடிசாவில் கண்டறியப்பட்டது 2019-இல். 2022-இல் இராசத்தானிலும் குசராத்திலும் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2019-க்கு முன் பட்டம் பெற்றோர் இந்நாட்டுத் தொழுவத்தில் காணாத நோய் அது. பழைய பாடக்குறிப்பை மட்டும் நம்பியவர் அந்நாளில் என் செய்திருப்பார்?

கற்பிப்பது எம்மொழியில் என்பதே அடுத்த வினா. சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியது 1903-இல். தனிப் பல்கலைக்கழகம் எழுந்தது 1989-இல். இத்தனை ஆண்டுக்குப் பின்னும் பாடமொழி ஆங்கிலமே, ஆய்வேடுகளும் ஆங்கிலமே, மருந்துக் குப்பியோடு வரும் குறிப்பும் ஆங்கிலமே. ஆனால் தொழுவத்தில் நிற்பவர் தமிழர். ஊசியிடும் கைகள் யாவும் பட்டம் பெற்ற கைகளும் அல்ல. மருந்துக்கடைக்காரரும் மாடு வளர்ப்பவரும் தாமே ஊசியிடும் ஊர்கள் பல. எந்த மருந்தை ஏன் விலக்க வேண்டும், ஊசியிட்ட மாடு இறந்தால் அதனைப் பாறுகள் தின்னாதவாறு ஏன் புதைக்க வேண்டும் என்பவற்றை அவர்க்கு விளக்க வேண்டியவர் மருத்துவரே. ஆங்கிலத்தில் மட்டும் கற்ற அறிவு அவர் நாவில் தடுக்கி நிற்கிறது.

மருத்துவச் செய்திக்குத் தமிழ் போதாது என்பது சோம்பரின் சொல். வெக்கை, அடைப்பான், சப்பை, காணை என்று நோய்தோறும் பெயரிட்டவர் கல்லூரி காணாத நம் முன்னோர். அவருள் வெக்கைநோய் 2011-இல் உலகினின்றே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆய்வகத்து அறிவு தொழுவம்வரை சென்று சேர்ந்தமையாலன்றோ அவ்வெற்றி கைகூடியது!

பணிச்சுமை மிகுதி, ஒரு மருந்தகத்திற்குப் பல ஊர்கள், படிக்க நேரமில்லை என்று மருத்துவர் கூறின், அதில் உண்மை உண்டு. ஆகவேதான் சுமையை அவர் தலையில் மட்டும் ஏற்றுதல் தகாது. திங்கள்தோறும் புதிய மருந்து, புதிய நோய், புதிய தடை ஆகியவற்றைச் சுருங்கக் கூறும் தமிழேடு ஒன்று ஒவ்வொரு மருந்தகத்திற்கும் அரசின் செலவில் செல்ல வேண்டும். பயிற்சி நாள்களைப் பணிநாள்களாகவே கணக்கிட வேண்டும். பயிற்சியை மருந்து விற்போர் பொறுப்பில் விடுதல் கூடாது. விற்பவர் தம் மருந்தின் குறை கூறார். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவர் பெறும் பதிவு, புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவர் புதிதாகக் கற்றதற்குச் சான்றாக அமைய வேண்டும். கட்டணம் கட்டியதற்கு மட்டும் சான்றாதல் கூடாது.

மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடுகட்டி வாழ்கின்றன. தென்னாட்டில் எஞ்சியவற்றுள் அதுவே பெருங்கூட்டம். ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும் இனம் அது. இழந்ததை விரைந்து ஈட்ட அதனால் இயலாது. அப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்த ஊர்களில் நாளை ஊசியைக் கையிலெடுக்கும் ஒவ்வொருவர்க்கும் இன்றைய அறிவு தமிழில் சென்று சேர்ந்தாக வேண்டும். அதனைச் சேர்ப்பிக்கும் கடமை அரசினது. கேட்டுப் பெறும் கடமை மருத்துவரது. பெறும்வரை வலியுறுத்தும் கடமை தமிழ் மக்களது.