பழைய மொந்தையில் புதுக் கள்

"அண்ணே, போன வருஷம் வாங்கினதுதானே இது! அதற்குள் பழசு என்கிறாரே!"

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சாந்தினி சவுக்கில், நடைபாதையோரம் பலகை போட்டுக் கைப்பேசி பழுது பார்க்கும் மிஸ்திரி ஒருவரின் எதிரே நின்றுகொண்டு எங்கள் விடுதித் தம்பி ஒருவன் இவ்வாறு என்னிடம் முறையிட்டான். சிவகங்கைப் பக்கத்துப் பையன். அவன் தந்தையார் நெல் விற்ற பணத்தில் பதினோராயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்து வாங்கச் சொன்ன கைப்பேசி அது. முதுகில் மயில்கழுத்து நிறம். பெட்டியில் அதுவரை எவரும் கேட்டிராத புதுப்பெயர். படிக்கட்டில் விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது.

மிஸ்திரி அதைத் திறந்து பார்த்தார். பாதி வங்காளமும் பாதி இந்தியுமாக அவர் சொன்னதன் சாரம் இதுதான்: "தாதா, இதற்குத் திரை வருவதில்லை. பெயர்தான் புதிது. உள்ளேயிருப்பது நாலைந்து வருஷத்துச் சரக்கு." பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவது நின்று எட்டு மாதம் ஆகியிருந்ததையும் அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தம்பியின் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை, அது போதும்.

என் சட்டைப்பையில் இருந்த கைப்பேசியோ விடுதி முழுதும் "தாத்தா" என்று நகையாடப்படுவது. 2020இல் வந்த ஐபோன் எஸ்.இ.; நான் கைமாற்றாக வாங்கியது. அதன் உடல் 2017ஆம் ஆண்டு ஐபோன் 8இன் உடல். மேலும் கீழும் அகன்ற கறுப்புப் பட்டைகள், நடுவே வட்டப் பொத்தான். சென்ற மழைக்காலத்தில் அதன் திரை உடைந்தபோது, இதே மிஸ்திரி இழுப்பறையைத் திறந்து ஐபோன் 8இன் திரை ஒன்றை எடுத்து அரைமணி நேரத்தில் பொருத்திக் கொடுத்தார்.

பழைய கள் புதிய மொந்தை என்று நம் பக்கத்தில் ஒரு வழக்கு உண்டு. தம்பியின் கைப்பேசி அதுதான். என்னுடையது அதற்கு நேர்மாறு: மொந்தை பழையது, கள் புதியது. (கள்ளைப் பற்றி எழுதுவதற்குச் சங்கத்துப் பெரியவர்கள் பொறுத்தருள்க. நான் உவமையை மட்டும் அருந்துகிறவன்.) நம் மாணவர்கள் பழைய மொந்தையைக் கண்டு சிரிக்கிறார்கள், புதிய மொந்தையைக் கண்டு பணத்தைக் கொடுக்கிறார்கள். இதுதான் என் வழக்கு.

பழைய வடிவத்தை மீண்டும் எடுத்து மலிவுக் கைப்பேசி செய்வது தன்னளவில் ஏமாற்று அன்று. எங்கள் வீட்டு முறுக்கு அச்சு பாட்டி காலத்துத் தேக்கு. தீபாவளியன்று அதிலிருந்து விழும் முறுக்கைப் பழைய முறுக்கு என்று எவராவது ஒதுக்கியதுண்டா? மாவு இன்றையது, அச்சு அன்றையது. கைப்பேசியிலும் அப்படியே. அலுமினியத்தைக் குடைந்து சட்டம் செய்யும் கருவிகள், கண்ணாடியை வெட்டும் அளவுகள், திரை ஆலையில் அந்த ஒரே அளவுக்கென ஏற்படுத்திய ஏற்பாடுகள், ஒட்டவும் திருகவும் பழகிய கைகள் இவையெல்லாம் முதன்முறை செய்யும்போது பெருஞ்செலவு வைப்பவை. விலையுயர்ந்த கைப்பேசியாக அது விற்ற ஆண்டுகளிலேயே அந்தச் செலவு திரும்பிவிடுகிறது. பிறகு அதே அச்சில் வார்ப்பதற்குப் பொருட்செலவும் கூலியுமே மிஞ்சும். மிச்சமாகும் பணத்தைக் கொண்டு உள்ளே நல்ல சில்லு ஒன்றை வைக்கலாம்.

2016இல் வந்த முதல் எஸ்.இ. இதற்குச் சான்று. அதன் உடல் 2013இல் வந்த ஐபோன் 5எஸ். மூளை மட்டும் 2015இன் 6எஸ்ஸில் இருந்த ஏ9. மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் எனத் தோன்றும். ஆனால் 5எஸ்ஸுக்கு 2018இன் ஐ.ஓ.எஸ். 12ஓடு ஆண்டுப் பதிப்புகள் முடிந்தன, எஸ்.இ.க்கோ 2021இன் ஐ.ஓ.எஸ். 15 வரை கிடைத்தன. என் தாத்தாவின் கதை இன்னும் வியப்பு. ஐபோன் 8 பெற்ற கடைசி ஆண்டுப் பதிப்பு 2022இல் வந்தது. அதே உடலுக்குள் ஐபோன் 11இன் ஏ13 சில்லைச் சுமக்கும் எஸ்.இ., 2025ஆம் ஆண்டுப் பதிப்பையும் பெற்றுவிட்டது. இரட்டையருள் ஒருவன் ஓய்வுபெற்று வீட்டில் இருக்க, மற்றவன் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான்! உடலைப் பார்த்து வயதைச் சொல்வது எவ்வளவு பெரிய பிழை பாருங்கள்.

இன்னொரு நன்மையைப் பற்றி விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை. மிஸ்திரியின் இழுப்பறையைத்தான் சொல்கிறேன். கோடிக்கணக்கில் விற்ற வடிவமாயின் அதன் உதிரிப் பாகங்கள் எங்கும் கிடைக்கும். அதைத் திறந்து பழகிய விரல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஐபோன் 8இன் திரையும், ஒளிப்படக் கருவியும், சிம் தட்டும் 2020 எஸ்.இ.யில் பொருந்தும். பேட்டரி மட்டும் பொருந்தாது. இணைப்பு முனையை மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்களோ, அவர்களுக்கே வெளிச்சம். மாதக் கடைசியில் லேக் மார்க்கெட்டில் ஒரு மசால் தோசைக்கு யோசிக்கிற நமக்கு, உடைந்தால் சரிசெய்ய முடியும் என்பது அழகைவிடப் பெரிய செய்தி அல்லவா?

இந்த நகரத்தில் இருந்துகொண்டு பழைய அச்சைப் பற்றிப் பேசுகிறவன் அம்பாசடரை மறக்க முடியாது. ஹௌராவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1957 முதல் 2014 வரை பிறந்த கார் அது. அதன் மூல உருவம் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை. பிரிட்டனில் 1956இல் வந்த அந்த உருவத்தை அவர்கள் 1959இல் விட்டுவிட்டார்கள். நாம் ஐம்பத்தேழு ஆண்டுகள் வைத்துக்கொண்டோம். எஞ்சியிருக்கும் மஞ்சள் டாக்சி ஒன்றில் ஏறிப் பாருங்கள். எந்தத் தெருமுனையிலும் அதைத் திறந்து பார்க்க ஓர் ஆள் உண்டு. எந்தப் பாகத்துக்கும் ஒரு கடை உண்டு. அந்த மட்டில் அம்பாசடர் என் கட்சிக்குச் சாட்சி.

ஆனால் எதிர்க்கட்சிக்கும் அதுவே சாட்சி. அச்சை வைத்துக்கொண்டவர்கள் மாவையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1983இல் மாருதி வந்து நின்ற பின்னரும் உள்ளுறுப்புகள் ஆமை நடையில்தான் மாறின. 1990களில் ஜப்பானிய இசுசு எஞ்சின் ஒன்று பொருத்தப்பட்டதும் வண்டிக்கு உயிர் வந்தாற்போல் இருந்தது என்று பழைய ஓட்டுநர்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குள் காலம் வெகு தூரம் போய்விட்டது. 2014 மே மாதத்தில் ஆலை நின்றது. 2017இல் அம்பாசடர் என்ற பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சுக்காரர்களின் பெஜோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வேறு வழியின்றி வாங்குகிறவன் இருக்கும் வரைதான் பழைய அச்சுக்காரனின் சோம்பலுக்கு வாழ்வு.

நம் ஸ்ரீபெரும்புதூர் இந்த வகையில் உத்தர்பாராவைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது என்பது என் எண்ணம். ஆப்பிள் இந்தியாவில் முதலில் பூட்டச் சொன்னது அந்தப் பழைய உடல் எஸ்.இ.யைத்தான், அது 2017இல், பெங்களூரில். ஸ்ரீபெரும்புதூருக்கு 2019இல் எக்ஸ்.ஆர். வந்தபோது அதுவும் முந்தைய ஆண்டுச் சரக்கே. "பழசைத்தானே நமக்குத் தள்ளுகிறார்கள்" என்று அன்று பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆயின் நம் மாவட்டங்களிலிருந்து போன பெண்கள் அந்தப் பழசில் கை பழகினார்கள்; 2022இல் ஐபோன் 14 வெளியான சில வாரங்களிலேயே அதை அங்கே பூட்டத் தொடங்கிவிட்டார்கள். பழைய அச்சைப் படிக்கட்டாகவும் கொள்ளலாம், திண்ணையாகவும் கொள்ளலாம். உத்தர்பாரா திண்ணையாகக் கொண்டது.

இனி, தம்பிக்கு நேர்ந்ததைப் போன்ற மறுவகைக்கு வருகிறேன். ஹீலியோ ஜி85 என்று ஒரு சில்லு. 2020இல் ரெட்மி நோட் 9இல் இருந்தது. அந்நாளில் அந்த விலைக்கு நல்ல சில்லுதான். 2023 மார்ச்சில் ரெட்மி 12சி என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்த கைப்பேசியைத் திறந்தால் அதே ஜி85. அதே ஆண்டு டிசம்பரில் ரெட்மி 13சி வந்தது. எண் ஒன்று ஏறியது, முதுகு மாறியது, திரையின் வேகம் கூடியது, உள்ளே மீண்டும் ஜி85. (தம்பியின் கைப்பேசி இவற்றுள் ஒன்று அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) சில்லின் பெயர் அவர்கள் தரும் விவரப் பட்டியலிலேயே இருக்கிறது, ஒளிக்கவில்லை. ஆனால் சிவகங்கையில் நெல் விற்றவர் ஜி85 எந்த ஆண்டுச் சரக்கு என்று எங்கே போய்ப் பார்ப்பார்? 12க்குப் பின் 13 வந்தால் புதிது என்றுதானே அவர் நினைப்பார்?

என் கட்சியின் குறையையும் மறைக்க மாட்டேன். பழைய உடலில் புது மூளை வைப்பவர்களும் மிச்சத்தை நம்மோடு பங்கிடுவதில்லை. 2020 எஸ்.இ. இங்கே 42,500 ரூபாய். அதே 2017ஆம் ஆண்டு உடலோடு 2022இல் வந்த அடுத்த எஸ்.இ. 43,900, அந்த ஆண்டு முடிவதற்குள் அதுவே 49,900 ஆயிற்று. 2025இல் ஐபோன் 14இன் உடலைப் பெரிதும் ஒத்து வந்த 16இ, 59,900! இதை "மலிவு" என்று சொல்கிறவர்களுக்கு நம் விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒரு நாள் விருந்து வைக்கவேண்டும். அச்சின் செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது. அந்த லாபம் மேலேதான் போகிறது. நான் கைமாற்றாக வாங்கியதும் இதனால்தான்.

பெட்டியின் மேல் உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பிஸ்கட்டுக்கும் அதுவே, கைப்பேசிக்கும் அதுவே. பிஸ்கட்டுக்கு அது போதும். கைப்பேசிக்கு அது பாதி உண்மை. சில்லு எந்த ஆண்டு முதலில் வந்தது, பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை உறுதி, உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்னும் மூன்று வரிகளும் பெட்டியின் முகப்பில் இருக்கவேண்டும். இது நடவாத காரியம் அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கப்படும் கைப்பேசிகளுக்கு, விற்பனை நின்ற பின்னும் 5 ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பும் 7 ஆண்டு உதிரிப் பாகமும் கட்டாயம். தில்லியிலும் நுகர்வோர் நலத்துறை, எந்தப் பொருள் எவ்வளவு எளிதில் பழுது பார்க்கத்தக்கது என மதிப்பெண் இடுவதற்கு 2024 செப்டம்பரில் ஒரு குழுவை அமைத்தது. 2025 மே மாதத்தில் அறிக்கையும் வந்தது. அந்த மதிப்பெண்ணில் புதுப்பிப்பு ஆண்டுகளுக்கும் இடம் வேண்டும் என்று நாம் எழுதிக் கேட்கலாம். சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் போனால் எவரும் நம்மைக் கடித்துவிட மாட்டார்கள். அதுவரை, நம் அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டுவோம்: பதினைந்தாயிரத்துக்குக் குறைந்த கைப்பேசிகள், அவற்றின் சில்லு, அது வந்த ஆண்டு. பொறியியல் படிக்கும் நண்பர்கள் இருவர் ஒரு மாலையில் எழுதிவிடக்கூடிய பட்டியல் அது. முதல் வரியை நான் எழுதித் தருகிறேன்.

சென்ற சனிக்கிழமை தம்பியும் நானும் மறுபடி சாந்தினிக்குப் போனோம். அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் மேற்படி மூன்று கேள்விகள். முதற் கடைக்காரர் சிரித்தார். இரண்டாமவர் புதிய நிறங்களைக் காட்டினார். மூன்றாமவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார், பதில் கொடுக்கவில்லை. நான்காவது கடையில் ஒரு முதியவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தம் பேரனைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கச் சொல்லி, விடை எழுதியே கொடுத்துவிட்டார். தம்பி வாங்கியது மூன்று ஆண்டுக்கு முந்திய உடல். சில்லு சென்ற ஆண்டினது. நிறம் வெறுங் கறுப்பு. வாங்குமுன் மிஸ்திரியிடம் ஓடிப்போய், அதற்குத் திரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டும் வந்தான்.

விடுதியில் இப்போது தாத்தாக்கள் இருவர்.