டப்பாவின் அடியில் ஓர் எண்



அம்மா தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போட்ட ஊசிகளைக் காலித் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடி, குப்பையோடு கொடுத்துவிடுவோம். போன மாதம் குப்பை எடுக்கும் அக்கா அந்தப் பாட்டிலை வாசலிலேயே தூக்கிக் காட்டினார். பாட்டில் நசுங்கி, பக்கவாட்டில் ஓர் ஊசிமுனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "கையில ஏறியிருந்தா நான் என்ன சார் பண்றது?" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை.

அதன்பிறகு எந்த டப்பா கையில் கிடைத்தாலும் கவிழ்த்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்தான் அதன் ஜாதகம். 1 என்றால் பெட், நம் தண்ணீர் பாட்டில். 2 என்றால் எச்டிபிஇ, பிளீச்சிங் திரவம் வரும் கெட்டியான கேன். 5 என்றால் பாலிப்ரோப்பிலீன். ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. ஐஸ்கிரீம் டப்பாவும் 5தான். ஊசி குத்தினால் மறுபக்கம் வந்துவிடும். சுவர் தடிமனும் வேண்டும்.

மருத்துவமனை ஊசிப் பெட்டிக்குப் பாலிப்ரோப்பிலீனைத் தேடுவதற்குக் காரணம் நீராவி. நீராவியால் கிருமி நீக்கும் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் சூடு. பாலிப்ரோப்பிலீன் உருக 160 வரை போகவேண்டும், அதனால் தாங்கும். எச்டிபிஇ 130 வாக்கில் உருகிவிடும் என்பதால் 121 டிகிரியிலேயே தளர்ந்து கோணிப்போகும்.

எண் 3, பிவிசி. உறுதிக்குக் குறைவில்லை, விலையும் மலிவு. எரித்தால்தான் வினை: அதிலுள்ள குளோரின் டையாக்சின் என்னும் நச்சாகப் புகையில் வரும். எரியூட்டிக்குப் போகும் மஞ்சள் பையில் குளோரின் பிளாஸ்டிக் கூடாது என்று நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்வது இதனால்தான். ஊசிக்கு அவ்விதிகள் கேட்பது துளைபடாத, கசியாத, உள்ளே மங்கலாகத் தெரியும் வெள்ளைப் பெட்டி. அந்த மங்கல் எனக்குப் பிடித்திருக்கிறது. எவ்வளவு நிறைந்தது என்று திறக்காமலே தெரியுமே! நிரம்பி வழியும் பெட்டியில் ஊசியைத் திணிக்கும்போதுதான் விரலில் குத்துகிறது.

வீட்டில் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திருகுமூடி உள்ள தடித்த 2ஆம் எண் கேன் ஒன்றை ஒதுக்குங்கள். மேலே 'ஊசி' என்று பெரிதாக எழுதுங்கள். முக்கால் நிறைந்ததும் இறுக மூடி, குப்பையோடு கலக்காமல் உள்ளே ஊசி என்று சொல்லி, தனியாகக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்